தராசோடு வரும் டாக்டர் வேண்டும்

நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்று டாக்டருக்குப் படிக்கப் போகிறது என்றால் லயத்தில் எல்லாருக்கும் சந்தோஷந்தான். கோயிலில் அர்ச்சனை, வீட்டில் விருந்து, கூடவே ஒரு கேள்வி: "ஆப்பரேஷன் டாக்டரா வருவியா, இருதய டாக்டரா வருவியாப்பா?" பச்சைப் பிள்ளைகளைத் தராசில் போட்டு நிறுத்து, தலையை நாடாவால் அளந்து, அட்டையில் புள்ளி வைக்கிற டாக்டராக வா என்று ஒருவரும் வாழ்த்துவது கிடையாது. அதெல்லாம் மிஸியம்மா செய்கிற வேலைதானே என்று நினைக்கிறோம்.

இந்த நினைப்பு தவறு என்பது என் கருத்து. நமக்கு இன்றைக்கு அதிகம் தேவைப்படுகிற டாக்டர் அவர்தான். ஏன் என்று சொல்கிறேன்.

சமூகக் குழந்தை நல டாக்டர் செய்கிற வேலையே தனி. ஆஸ்பத்திரி டாக்டர் நோய் வந்த பிள்ளையைப் பார்க்கிறார். இவர் நன்றாக இருக்கிற பிள்ளையைப் பார்க்கிறார். அதனாலேயே நம் ஜனங்களுக்கு இவர் வேலை புரிவதில்லை. "டிரெசரய்யா, புள்ள ஓடியாடித்தானே இருக்கு, அதுக்கு ஏன் கிளினிக்கு?" என்று என்னிடம் கேட்காத தாய் குறைவு. ஒரு பிள்ளை கண்ணுக்கு மெலிந்து தெரிவதற்குப் பல வாரம் முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும். போன மாதம் ஏழரைக் கிலோ, இந்த மாதமும் ஏழரை, அடுத்த மாதமும் அதே ஏழரை என்றால் தாய்க்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. கிளினிக்கில் கொடுக்கிற புத்தகத்தில் அந்தக் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டதைப் பார்த்தவுடன் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார். தாய்ப்பால் எப்போது நின்றது? பகலில் யார் சோறு ஊட்டுகிறார்கள்? வயிற்றில் பூச்சியா? வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமலா? இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் காரணத்தைப் பிடிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் இதெல்லாம் தெரியாது.

பேச்சு வராத பிள்ளையும் அப்படித்தான். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருஷம் ஓடிவிடும். காது கேட்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, கையை நீட்டி ஒன்றைக் காட்டுகிறதா என்று ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் அரசாங்கக் கிளினிக்கில் கேள்வித்தாள் வைத்தே கேட்கிறார்கள். அந்த வயதில் கண்டுபிடித்தால் செய்யக்கூடியது நிறைய. பள்ளியில் சேர்த்த பிறகு வாத்தியார் சொல்லித்தான் தெரிகிறது என்றால், அதற்குள் பிள்ளைக்கு 'மண்டு' என்ற பட்டம் வந்துவிடும்.

இது ஏதோ புதிதாக வெளிநாட்டிலிருந்து இறங்கிய வைத்தியம் என்று எண்ண வேண்டாம். நம் கிள்ளான் மண்ணிலேயே நடந்த சங்கதி ஒன்று உண்டு. 1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்கார டாக்டர் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது இன்றைய போர்ட் கிள்ளானில், மலேரியாக் காய்ச்சல் ஆளை வாரிக்கொண்டு போனது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்கு நிலைமை. வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, காண் வெட்டச் சொன்னார். சில ஆண்டுகளில் கிள்ளான் பட்டணத்திலும் துறைமுகத்திலும் காய்ச்சல் பெருமளவு தணிந்தது.

பிறகு அவர் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குள் வந்தார். ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அவர் யாரைப் பார்த்தார்? மானேஜரின் கணக்குப் புத்தகத்தை மட்டும் நம்பவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். அடிக்கடி மலேரியா கண்ட பிள்ளைக்கு இடதுபக்கம் மண்ணீரல் வீங்கிக் கட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். நூறு பிள்ளையில் எத்தனை பேருக்குக் கட்டி என்று எண்ணினால், அந்தத் தோட்டத்துக் கொசுவின் கணக்கும் காணின் கணக்கும் தெரிந்துவிடும். பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர்களின் பிள்ளைகள்தாம் அவர்களில் மிகப் பலர். 1911ல் அவர் எழுதிய மலேரியாத் தடுப்புப் புத்தகத்தில் இந்தத் தோட்டங்களின் கணக்கு இருக்கிறது. வெள்ளைக்காரன் ரப்பருக்காகச் செய்தான் என்று சொல்வீர்கள். உண்மைதான், வேலையாள் சாகாமல் இருந்தால்தானே ரப்பர். ஆனால் பிள்ளையின் உடம்பைப் பார்த்தால் தோட்டத்தின் குறையைக் கண்டுபிடிக்கலாம் என்ற அந்த யோசனை நல்ல யோசனை. அதை நாம் ஏன் விட வேண்டும்?

இன்னொருவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். ஜமைக்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்ட்டில் வேலை செய்தவர். பால்குடி மறந்த பிள்ளைகள் சத்துக் குறைவால் உடம்பு வீங்கிச் சாவதைக் கண்டு 'குவாஷியோர்கர்' என்ற நோயை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர். 1936ல் இந்தப் பக்கம் மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் அவர் கண்டது வேறு கொடுமை. தாய்ப்பாலை விட டின்பால் உயர்ந்தது என்று கம்பெனிகள் பிரசாரம் செய்தன. நர்ஸ் மாதிரி உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பின. பிள்ளைகள் கழிச்சலிலும் சத்தில்லாமலும் செத்தன. 1939ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசிய பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. வியாபாரிகள் உட்கார்ந்திருந்த சபையில் அப்படிப் பேசுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் சாங்கி சிறையில் கிடந்து, போருக்குப் பிறகு மலாயாவின் தாய்சேய் நலப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1948ல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராகப் போனார்.

அவர் சொன்னது இன்றைக்கும் நம் வீட்டு அடுப்பங்கரையில் நிற்கிறது. கடைத் தேயில் கலக்கிற இனிப்புப் பாலைச் சுடுதண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்த டின்னில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் எண்ணெயும். 'கிரீமர்' என்று டின்னிலேயே எழுதியிருக்கிறது, படித்துப் பாருங்கள். அது பெரியவர்கள் தேயில் கலந்து குடிக்கிற சாமான். பிள்ளைக்கு அது பால் ஆகாது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் கம்பத்துக்குக் கம்பம் சுகாதார நிலையம், மருத்துவச்சி கிளினிக் என்று கட்டியது. நல்ல காரியம். 1957ல் ஆயிரம் பிள்ளை பிறந்தால் ஒரு வயது முடிவதற்குள் சுமார் 75 பிள்ளை இறந்த நாட்டில் இன்று அது பத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது என்றால் அந்தக் கிளினிக்குகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் தோட்டம் தனியார் நிலம், முதலாளி பார்த்துக்கொள்வார் என்று நம் லயத்தைத் தாண்டித்தான் அந்தத் திட்டம் போயிற்று. முதலாளி பார்த்துக்கொண்ட லட்சணம் நமக்குத் தெரியும். டிஸ்பென்சரியில் ஒரு டிரெசர், எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற விசிட்டிங் டாக்டர். நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் டாக்டர் கார் எஞ்சினைக்கூட நிறுத்தமாட்டார். ஆயாக் கொட்டகைப் பக்கம் அவர் போய் நான் கண்டதே இல்லை. எல்லாரையும் அப்படிச் சொல்லவில்லை. சட்டையை மடித்துவிட்டுக் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசிய டாக்டரையும் பார்த்திருக்கிறேன்.

அப்படி உட்கார்ந்த டாக்டருக்குத்தான் சில விஷயம் கண்ணில் படும். மருந்து அடிக்கிற வேலைக்குப் போன தாய் மத்தியானம் அதே சட்டையோடு வந்து பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுப்பாள். பாராகுவாட்டை 2020 ஜனவரி முதல் தேதியோடு அரசாங்கம் தடை செய்துவிட்டது, சரி. வேறு மருந்து இருக்கிறதே! கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் சவர்க்காரமும் மாற்றுத் துணி வைக்க ஓர் அலமாரியும் இருந்தால் தீர்ந்தது. பட்டணத்து அறையில் இருக்கிற டாக்டர் பிள்ளைக்கு எதனால் அடிக்கடி சொறி வருகிறது என்று களிம்பு எழுதிக்கொண்டே இருப்பார்.

இனி கூலிக் கணக்குக்கு வருகிறேன். முக்கியமான இடம் இதுதான். நம் நாட்டு அட்டவணைப்படி பிறந்தவுடன் காசநோய்க்கும் பி வகை மஞ்சள்காமாலைக்கும் ஊசி ஆஸ்பத்திரியிலேயே ஆகிவிடும். அதன்பின் 2, 3, 5 மாதத்தில் ஆறு நோய்க்கு ஒரே ஊசி. 4, 6, 15 மாதத்தில் நிமோகாக்கஸ் கிருமிக்கு. 9லும் 12லும் தட்டம்மை வகைக்கு. 18ல் மறுபடி ஆறு நோய் ஊசி. ஒன்றரை வயதுக்குள் ஒன்பது தடவை. ஊசி இலவசம். ஆனால் 2025 பிப்ரவரியில் வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி. ஒன்பது நாள் பேர் போட முடியாமல் போனால் 585 வெள்ளி. கார் வாடகை தனி. பிள்ளைக்கு ஊசி போடப் போகிறேன் என்று கேட்டால் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேலைச் சட்டத்தில் இடம் இல்லை. பிரசவ லீவை 2023ல் 98 நாளாக்கினார்கள், பாராட்டுகிறோம். அந்த 98 நாள் முடிந்த பிறகுதான் ஊசிகளில் பெரும்பாதி வருகிறது!

ஆகவே ஊசி தவறவிட்ட தாயைப் பார்த்து "உனக்குப் பொறுப்பில்லை" என்று திட்டுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. மிஸிகள் சிலர் அப்படித் திட்டுகிறார்கள். திட்டு வாங்கிய தாய் அடுத்த தடவை வரவே மாட்டாள். இது தெரிந்த டாக்டர் தேதி தவறிய பிள்ளைக்கும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து போடுவார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. தவறிவிட்டதே என்று புத்தகத்தை ஒளித்து வைத்திருக்கிறவர்கள் தைரியமாக எடுத்துக்கொண்டு போங்கள்.

போலியோ போய்விட்டது என்று 2000த்தில் அறிவித்தோம். 2019 டிசம்பரில் சபாவில் துவாரானில் ஒரு பச்சைப் பிள்ளைக்கு மறுபடி வந்தது. தொண்டை அடைப்பான் என்று பாட்டிமார் பயந்த டிப்தீரியா 2016ல் நம் நாட்டிலேயே பிள்ளைகளைக் கொன்றது. ஊசி போடாத பிள்ளைகள் ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டால் கிருமிக்கு அது போதும். பக்கத்து லயத்தில் இந்தோனேசியக்காரர், வங்காளதேசத்தார் வீட்டுப் பிள்ளைக்கு ஊசி போடவில்லை என்றால் அது அவர்கள் பாடு என்று இருக்க முடியாது. கிருமி பாஸ்போர்ட் கேட்பதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் இப்போது தோட்டத்திலேயே இல்லை. மேரு, காப்பார், புக்கிட் ராஜா பக்கம் தோட்டம் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. லயத்தை விட்டு ஐந்தாம் மாடி, பத்தாம் மாடி வீட்டுக்குப் போனோம். தண்ணீர், லைட், கக்கூஸ் எல்லாம் வீட்டுக்குள்ளேயே வந்தது. ஆனால் ஆயாக் கொட்டகை போய்விட்டது, வீட்டு வாசலில் வந்து "ஏம்மா, பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா?" என்று கேட்க டிரெசரும் இல்லை. கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிப் பிள்ளைகளைப் பற்றி 2018ல் யுனிசெப் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்குத் தகுந்த உயரம் இல்லை. இது பட்டணத்தின் நடுவில், பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு நடுவில்! ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் போதாது, யாராவது வந்து அளக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

டாக்டருக்குப் படிக்கிற நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒப்பந்த வேலை, நிரந்தரம் கிடையாது என்று நீங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். 2021 ஜூலையில் கறுப்பு உடை போட்டு ஒப்பந்த டாக்டர்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததைத் தொழிற்சங்கத்துக்காரன் என்ற முறையில் மதிக்கிறேன். இருந்தாலும் குழந்தை நலக் கிளினிக்குக்கு மாற்றினால் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் அறுபது எழுபது பிள்ளை, அழுகை, மூத்திரம், பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிடும். பெயரும் வராது. யாரும் பழக்கூடையோடு வந்து "டாக்டர் என் பிள்ளைக்குப் போலியோ வராமல் செய்துவிட்டீர்கள்" என்று நன்றி சொல்லப் போவதில்லை. ஆனால் தமிழில் "என்ன தாயி, பாப்பாவுக்கு என்ன ஊட்டுனீங்க?" என்று கேட்கிற டாக்டர் முன்னால் ஒரு பாட்டி உரமருந்து முதல் வசம்பு வரை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவாள். தெரிந்தால்தானே வேண்டாததை நிறுத்தச் சொல்ல முடியும்.

சங்கக் கிளைகள் கேட்கவேண்டியது எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான். மாதம் ஒரு நாள், வேலை முடிந்த பிற்பகலில், அரசாங்கக் குழந்தை நல டாக்டரும் மிஸியும் தோட்டத்துக் கொட்டகைக்கே வரவேண்டும். பழைய தோட்டத்து ஜனங்கள் இருக்கிற அடுக்குமாடிக்கும் வரவேண்டும். அது நடக்கும்வரை ஊசித் தேதியில் தாய்க்கோ தகப்பனுக்கோ அரைநாள் சம்பளத்தோடு விடுப்பு என்று அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சேர்க்கவேண்டும். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதி, அடிப்படை வசதிச் சட்டம் பிள்ளைக் கொட்டகையையும் மருத்துவ வசதியையும் பற்றிச் சொல்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். உங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைத் தராசு இருக்கிறதா, இருந்தால் முள் சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று இந்த வாரமே போய்ப் பார்த்துவிட்டு, கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்.