எந்தத் தெரு என்று கேட்காத இடம்

கடந்த இரண்டு மாதங்களில் எங்கள் கிளை நூலகத்திலிருந்து நான்கு நூல்களை எடுத்துப் படித்தேன். பாமாவின் ‘கருக்கு’, அண்ணல் அம்பேத்கரின் எழுத்துத் தொகுதிகளில் ஒன்று, இரட்டைமலை சீனிவாசனின் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. திட்டம் போட்டு எடுக்கவில்லை. அலமாரியில் கைக்கு அகப்பட்ட வரிசையில் வந்தவை. ஆனால் படித்து முடித்தபோது ஒன்று பிடிபட்டது. முதல் மூன்று நூல்களிலும் ஒருவர் கையில் புத்தகத்தோடு வருகிறார். சாதி அவரை மறிப்பதும் அந்த இடத்தில்தான்.

‘கருக்கு’ 1992-ல் வெளிவந்தது. விருதுநகர் மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பிறந்து வளர்ந்த பாமா, தன் தெருவின் பேச்சு மொழியிலேயே எழுதிய தன்வரலாறு. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் முதலாளியிடம் கொடுக்கும் காட்சி பலருக்கும் தெரியும். அதைப் பார்த்துச் சிரித்த சிறுமிக்கு, அது ஏன் என்று பிறகு விளங்குகிறது. எனக்கு அதைவிட மனத்தில் நின்றது அவருடைய அண்ணன் நூலகத்துக்குப் போய்வரும் பகுதி.

படித்த இளைஞர். விடுமுறையில் ஊருக்கு வரும்போது நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிப்பது அவர் வழக்கம். ஒருநாள் புத்தகத்தோடு கண்மாய்க் கரையில் நடந்து வருகிறார். பண்ணையாரின் ஆள் ஒருவர் பின்னாலேயே வந்து பேர் கேட்கிறார். பேர் சொன்னதும் அடுத்த கேள்வி, எந்தத் தெரு என்பது. பேரில் பிடிபடாத சாதி தெருவில் பிடிபட்டுவிடும். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. பேருந்தில், டீக்கடையில், பள்ளியில் சேர்க்கும் அன்று, கேட்காத ஆள் உண்டா?

அதே அண்ணன் இன்னொருமுறை நூலகப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பேருக்குப் பக்கத்தில் எம்.ஏ. என்று சேர்த்து எழுதுகிறார். உடனே உட்கார ஸ்டூல் வருகிறது; ‘சார்’ என்ற மரியாதையும் வருகிறது. தங்கைக்கு அவர் சொல்லும் பாடம், நன்றாகப் படி என்பது. பாமா அதைக் கேட்டுப் படித்தார், முதலிடம் வாங்கினார். ஆனால் அந்த நூலை முழுவதும் படித்தால் தெரியும்: ஆசிரியை ஆன பிறகும், கன்னியர் மடத்தில் சேர்ந்த பிறகும் தெருக்கேள்வி அவரை விடவில்லை. ஸ்டூல் வந்தது பட்டத்துக்குத்தான். எழுதாமல் விட்டிருந்தால் அவர் நின்றுகொண்டேதான் படித்திருப்பார்.

பட்டம் மட்டும் போதும் என்றால் அண்ணல் அம்பேத்கருக்கு எந்தத் தொல்லையும் வந்திருக்கக் கூடாது. நான் எடுத்த தொகுதியில் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்று ஆங்கிலத்தில் அவர் எழுதிய சிறு நூலின் தமிழாக்கம் இருக்கிறது. தன் வாழ்விலும் தான் அறிந்த பிறர் வாழ்விலும் தீண்டாமை எப்படி வந்து நின்றது என்று அதில் சொல்கிறார். மாணவர்கள் ஒரே மாலையில் படித்துவிடலாம். அடைமொழி கிடையாது, கோபக் கத்தல் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போகிறார்.

அதில் பரோடா பகுதியைப் பாருங்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு, தன் படிப்புக்கு உதவிய பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வருகிறார். தங்க இடம் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில், வேறு யாரும் தங்காத மாடியில், பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு இருக்கிறார். மின்விளக்கு இல்லாத அந்தப் பெரிய கூடத்தில் சிறு விளக்கை வைத்துக்கொண்டு படிக்கிறார். பதினோராம் நாள் காலை அலுவலகம் புறப்படுகிறார். முந்தின நாள் இரவல் வாங்கிய நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க எடுக்கும்போது மாடிப்படியில் காலடிச் சத்தம். கையில் கம்போடு ஒரு கூட்டம். நீ யார் என்று கேட்டு, மாலைக்குள் காலி செய் என்று மிரட்டிவிட்டுப் போகிறது.

நண்பர்கள் இருவரிடம் போகிறார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இருவரும் நயமாகக் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்து, இரவு ஒன்பது மணி ரயிலில் பம்பாய்க்குத் திரும்புகிறார்.

இதைப் படித்த நாள் முழுவதும் அந்த நூலகப் புத்தகங்கள்தான் நினைவில் நின்றன. அவை என்ன புத்தகங்கள் என்று அவர் எழுதவில்லை. திருப்பிக் கொடுக்க முடிந்ததா என்றும் எழுதவில்லை. உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்தவருக்கு அந்த நகரத்தில் இரவல் புத்தகம் கிடைத்தது, படுக்க இடம் கிடைக்கவில்லை.

மூன்றாவது நூல் இன்னும் சின்னது. இரட்டைமலை சீனிவாசன் 1939-ல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சுருக்கம். 1893-ல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கியவர். மாத இதழாகத் தொடங்கியது மூன்றே மாதத்தில் வார இதழானது. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைப்பாகவே போட்டு அச்சில் ஏற்ற எவ்வளவு துணிவு வேண்டும்? 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனவரும் இவரே.

அப்படிப்பட்டவர் கோயம்புத்தூரில் மாணவராக இருந்த நாட்களைப் பற்றி எழுதுகிறார். ஏறத்தாழ நானூறு பேர் படித்த கலாசாலை. பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர். தன் சாதியும் குடியிருக்கும் இடமும் தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று அஞ்சினார். அதனால் பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும் யாரும் எட்டிப் பிடித்துப் பேச்சுக் கொடுக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். கண்மாய்க் கரையில் கேட்கப்பட்ட அதே கேள்வியிலிருந்து தப்பத்தான் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு ஒரு சிறுவன் தினமும் ஓடியிருக்கிறான்.

அந்தச் சிறுவன் வளர்ந்து சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரான பின் 1924-ல் கொண்டுவந்த தீர்மானத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பொதுத்தெரு, பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் எதிலும் நம் மக்கள் புழங்கத் தடை கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. எந்தத் தெரு என்ற கேள்விக்கு அவர் சட்டத்தில் எழுதிவைத்த பதில் அது. எங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் பெயராகவே அவர் இருக்கிறார்.

நான்காவது நூல் நம்மையே பார்த்துக் கேட்கிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-ல் வந்த நாவல். சேரி மக்களுக்குத் துணி வெளுத்து, நல்லது கெட்டதுக்கெல்லாம் வேலை செய்து, வீடு வீடாகச் சோறு வாங்கி வாழும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. ஆரோக்கியம் என்ற அந்தப் பெண் சட்டியோடு வாசல் வாசலாக நிற்கும்போது, உள்ளிருந்து வரும் அதட்டல் நம் வீட்டுக் குரல். மேலே இருப்பவர் நம்மை எந்தத் தெரு என்று கேட்பது சுடுகிறது. நமக்குக் கீழே ஒருவரை வைத்து நாம் கேட்பதும் அதே கேள்விதான். மற்ற மூன்று நூல்களைப் படித்துவிட்டு இதைப் படிக்காமல் விட்டால் பாதிதான் படித்ததாக அர்த்தம்.

இனி நம் ஊர் நூலகத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் பொது நூலகம் யாருடைய தருமமும் இல்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. இப்போது அது வீட்டு வரியில் நூற்றுக்குப் பத்து. ஊராட்சி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகவே எழுதியிருக்கும். ஊர்த்தெருவில் மாடிவீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார், காலனியில் தொகுப்பு வீட்டில் இருப்பவரும் கட்டுகிறார். வரி வாங்கும்போது தெரு பார்ப்பதில்லை.

கட்டடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரு தெரிகிறது. பல ஊர்களில் நூலகம் ஊர்ப்பக்கம், கோயிலுக்கோ சாவடிக்கோ அருகில். காலனிப் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, நான்கு திண்ணைகளைக் கடந்து போக வேண்டும். ஒவ்வொரு திண்ணையிலும் ஒரு கேள்வி. யாரும் தடுக்கவில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். தடுக்க வேண்டியதே இல்லை. கேட்டாலே போதும், மறுநாள் அந்தப் பிள்ளை வராது. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டிய சிறு நூலகங்கள் பலவற்றில் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. திறந்திருக்கும் நூலகங்களிலும் போட்டித் தேர்வு நூல்களும் நாளிதழ்களும் மேசைக்கு வந்துவிடுகின்றன. நான் மேலே சொன்ன நூல்கள் அலமாரிக்குள் கிடக்கின்றன. கேட்காத நூல் வெளியே வருவதில்லை.

ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது ரங்கநாதன் 1931-ல் வகுத்த நூலக விதிகளின் அடிப்படை. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாக நூலகம் போனது. சாலையும் விளக்கும் இல்லாத காலத்தில் வண்டி கட்டிக் கொண்டுபோக முடிந்தது என்றால், இன்று காலனியின் சமுதாயக் கூடத்தில் மாலை இரண்டு மணி நேரம் ஒரு அலமாரியைத் திறந்துவைப்பது பெரிய காரியமா? கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலைதான் நேரம். பகலில் மட்டும் திறக்கும் நூலகம் அவர்களுக்குப் பூட்டிய நூலகம்தான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வுக்குப் படிக்க நூலகத்துக்குப் போங்கள், நல்லது. குரூப் நான்கு தேர்வு எழுதி வேலைக்குப் போவது வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரியும். ஆனால் பாமாவின் அண்ணனுக்கு வந்த ஸ்டூலைப் போல, வேலையும் ஓரளவுக்குத்தான் மரியாதை வாங்கித் தரும். அலுவலகத்திலும் ஒருவர் வந்து எந்தத் தெரு என்று கேட்பார். அன்று என்ன சொல்வது என்பதற்கு இந்த நான்கு நூல்களில் பதில் இருக்கிறது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாலைந்து பேராகப் போங்கள். உறுப்பினர் அட்டை வாங்குங்கள். நூலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் பதிவேட்டில் எழுதிக் கேளுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு நூலக வரி கட்டிய ரசீதோடு போங்கள். ஊராட்சி நூலகம் பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லியும், மாலையில் திறந்திருக்க வேண்டும் என்றும், காலனியில் ஒரு படிப்பகம் வேண்டும் என்றும் மனு எழுதிக் கொடுத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். சாலையும் குடிநீரும் கேட்கும் அதே குரலில் இதையும் கேட்கலாம். நாம் கட்டிய வரிக்கு நம் பிள்ளைகள் உட்கார ஒரு ஸ்டூலாவது வந்தாக வேண்டும்.