அணைக்கும் முன் லாக்கை எடுங்கள்

மலேசியாவின் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. கணினி ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் காந்தத் தட்டுகளை ஃபுஜி எலெக்ட்ரிக் நிறுவனம் அங்கே தயாரித்து வந்திருக்கிறது. பாடாங் செராய், லூனாஸ் பக்கத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்தப் பூங்காவின் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். இயந்திரம் நின்றால் முதலில் லாக்கை, அதாவது இயந்திரம் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவை, பார்ப்பது அங்கே அன்றாட வழக்கம். அந்த வழக்கம் சுங்கைப்பட்டாணி கிளினிக்குகளுக்கும் பீடோங் கணக்காளர் அலுவலகங்களுக்கும் வந்து சேர வேண்டும்.

சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். மேசைக்கடியில் இருந்து அலுவலகக் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டி 'பீப் பீப்' என்று கத்துகிறது. ஒரு டிஸ்க்கின் விளக்கு ஆரஞ்சு நிறமாகிறது. யாரோ ஒருவர் பதறிப்போய் சுவிட்சை அணைக்கிறார். சத்தம் நின்றுவிடுகிறது. இன்னும் டிஸ்க்கில் எழுதப்படாமல் நினைவகத்தில் இருந்த பதிவுகளும் அதோடு போய்விடுகின்றன.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதாமல் விட்டால், மாதக் கடைசியில் சம்பளத் தகராறு வரும்போது யார் பேச்சை நம்புவது? சேமிப்புப் பெட்டிக்கு லாக்தான் செக்ரோல்.

'டிஸ்க் போச்சு' என்று மட்டும் சொன்னால் எந்த சப்போர்ட் பொறியாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. உதாரணத்துக்கு, 2019 நவம்பரில் கணினி நிறுவனமான எச்.பி.இ. ஓர் எச்சரிக்கை விட்டது. அதன் சில எஸ்.எஸ்.டி.கள் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி, ஓடி முடித்ததும் செயலிழந்துவிடும். உள்ளே இருந்த தரவையும் மீட்க முடியாது. ஒரே நாளில் பொருத்திய டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழும் என்பதால் ஒரு டிஸ்க் போனாலும் தரவைக் காக்கும் ரெய்டு அமைப்பும் கைகொடுக்காது. கோளாறு டிஸ்க்கை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருந்தது. புதிய ஃபர்ம்வேரை முன்கூட்டியே ஏற்றியவர்கள் தப்பித்தார்கள். டிஸ்க்கின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, ஓடிய மணி நேரம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால்தான் இப்படிப்பட்ட கோளாறு பிடிபடும். மூன்றும் லாக் கோப்பிலேயே இருப்பவை.

லாக்கை எடுப்பதும் கடினமில்லை. சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டியில் சப்போர்ட் சென்டரைத் திறந்து லாக் உருவாக்கச் சொன்னால் ஒரே கோப்பாக இறங்கிவிடும். கியூநாப் நிறுவனத்தின் பெட்டியில் அந்த வேலையை ஹெல்ப்டெஸ்க் செயலி செய்கிறது. டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 197 என்ற எண்ணுள்ள வரியைப் பார்க்க வேண்டும். படிக்க முடியாமல் கிடக்கும் செக்டர்களின் எண்ணிக்கை அதில்தான் வரும். பெட்டியின் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். அது உலகப் பொது நேரத்தில் ஓடினால், மலேசியாவில் காலை 10 மணிக்கு நடந்தது லாக்கில் 2 மணி என்று பதிவாகியிருக்கும். கருகல் வாடை வந்தாலோ, டிஸ்க் கடகடத்தாலோ மட்டும் லாக்குக்காகக் காத்திருக்காமல் உடனே அணைத்துவிடலாம்.

லாக்கில் பயனர் பெயர்களும் கோப்புப் பெயர்களும் வரக்கூடும். ஸ்கேன் கோப்புகளை நோயாளியின் பெயரிலேயே சேமிக்கும் கிளினிக் இதை மறக்கக் கூடாது. 2025 ஜூன் 1 முதல், பெரும் பாதிப்பு தரக்கூடிய தனிநபர் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது மலேசியச் சட்டம். எனவே லாக்கை வாட்ஸ்அப் குழுவில் போடாமல், நிறுவனத்தின் சப்போர்ட் தளத்தில் நேரடியாக ஏற்றுவதே முறை.

சுவிட்சை அணைத்த ஊழியரைத் திட்டுவது அநியாயம். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டியை விற்கும் கடைக்காரர் லாக் எடுக்கும் முறையை மலாயிலும் தமிழிலும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிக் கொடுக்க வேண்டும்; வாங்கும் முதலாளி அதைக் கேட்டு வாங்க வேண்டும். கூலிமில் வேலை பார்க்கும் டெக்னீஷியன்களும் பீடோங் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்களும் மனம் வைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வட்டாரக் கடைக்காரர்களுக்கு இதைச் செய்துகாட்டிவிடலாம்.