பழைய சீட்டில் வாங்கும் சொட்டு மருந்து

சென்ற கோடையில் 12 வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தாயார் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். கரும்பலகையில் எழுதுவது தெரியவில்லை என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்பது அவரது எண்ணம். பேச்சின் நடுவே கைப்பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்தார். மடித்து மடித்து நைந்துபோன தாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் எழுதப்பட்டது. மகனுக்குக் கண் அரிக்கும்போதெல்லாம் அதைக் காட்டி ஒரு புட்டி வாங்கிவிடுவாராம். இரண்டே நாளில் சிவப்பு மறைந்துவிடும். "நல்லாக் கேட்கிற மருந்து டாக்டர்" என்றார்.

கேட்கும்தான், அதில் இருந்தது ஸ்டீராய்டு. கண்ணின் உள் அழுத்தம் இயல்பாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். அச்சிறுவனுக்கு இரு கண்களிலும் 30-ஐத் தாண்டியிருந்தது. லென்ஸின் பின்புறம் புரை படர்ந்திருந்தது. பார்வை நரம்பும் தேயத் தொடங்கியிருந்தது. புரையை அறுவைச் சிகிச்சையால் அகற்றலாம். நரம்பில் இழந்ததை எந்த மருத்துவராலும் மீட்டுத் தர இயலாது.

அவனுக்கு இருந்த மூல நோய் வெர்னல் என்னும் ஒவ்வாமைக் கண் அழற்சி. பெயருக்கு இளவேனில் நோய் என்று பொருள். இளவேனில் என்று தனியே உணராத நம் ஊர்களில் வெயிலும் புழுதியும் மிகும்போது முற்றுகிறது, சிலருக்கு ஆண்டு முழுவதும் நீடிக்கிறது. 5 வயதிலிருந்து 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடம், அதிலும் ஆண் பிள்ளைகளிடம், மிகுதியாகக் காணப்படும். தூசியோ மகரந்தமோ பட்டவுடன் கண்ணின் மெல்லிய சவ்விலுள்ள சில அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அரிப்பு, சிவப்பு, நீர்வடிதல், நூல்போல் இழுபடும் பீளை ஆகியவை அதன் விளைவுகள். 'மெட்ராஸ் ஐ' என்று எண்ணி இப்பிள்ளைகளை வகுப்பிலிருந்து அனுப்பிவிடுவதும் உண்டு. இது தொற்றுநோய் அன்று. தாங்க முடியாத அரிப்பே இதை அடையாளம் காட்டும்.

பெற்றோர் அறிய வேண்டிய நற்செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளரிளம் பருவம் முடியும்போது இந்நோய் தானே அடங்கிவிடுகிறது. அதுவரை கண்ணைப் பழுதின்றிக் காப்பதே எங்கள் வேலை. அந்தச் சில ஆண்டுகளில் கண்ணைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கசக்குவது: கசக்கக் கசக்க அரிப்பு கூடும், நாளடைவில் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கவும் கூடும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வைத்தால் கை தானே இறங்கும். மற்றொன்று, கண்காணிப்பின்றித் தொடரும் ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டை நான் பழிக்கவில்லை. நோய் கடுமையாகிக் கருவிழியைத் தாக்கும்போது அதை நானே எழுதுகிறேன். சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறேன். நாள்தோறும் போடுவதற்கு ஒலோபட்டடின் போன்ற, ஸ்டீராய்டு இல்லாத சொட்டு மருந்துகள் உள்ளன. அவை மெதுவாக வேலை செய்யும். அரிப்பு இல்லாத நாளிலும் போட வேண்டும். அவை போதாதவர்களுக்குச் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவை உண்டு. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடர்ந்து போடுவோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு உயர்கிறது. 100 பேரில் நான்கு முதல் ஆறு பேருக்கு மிகவும் உயர்கிறது. குழந்தைகளுக்கு இது விரைவாகவும் நிகழ்கிறது. வலி இராது. கண் வெண்மையாக, அழகாகவே இருக்கும். ஆகவே யாரும் ஐயுறுவதில்லை.

இதற்கு மருந்துக் கடையைக் குறை கூறுவது எளிது. மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அந்தத் தாயாரிடம் சீட்டு இருந்ததே! 'தினம் நான்கு முறை' என்று எழுதியவர் எந்த நாள் வரை என்று எழுதவில்லை. என் கருத்தில் பிழையின் பெரும்பங்கு மருத்துவர்களாகிய எங்களுடையது. ஸ்டீராய்டு எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் நிறுத்த வேண்டிய தேதியும், அழுத்தம் அளக்க வர வேண்டிய தேதியும், 'மீண்டும் வாங்கக் கூடாது' என்ற சொற்களும் தமிழில் இருக்க வேண்டும். ஸ்டீராய்டு என்று சொன்னால் பெற்றோர் அஞ்சி மருத்துவத்தையே விட்டுவிடுவார்கள் என்று சக மருத்துவர் சிலர் கருதுகின்றனர். நான் ஏற்கவில்லை. காய்ச்சல் மருந்தை எடைக்கேற்ப அளந்து கொடுக்கத் தெரிந்த தாய்க்கு இதுவும் புரியும்.

உங்கள் வீட்டில் உள்ள புட்டிகளை எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால், ஃபுளுரோமெத்தலோன் ஆகிய பெயர்களில் ஒன்று சிறிய எழுத்தில் இருக்கலாம். கிருமிக்கொல்லி மருந்தோடு கலந்தும் இருக்கலாம். பிள்ளை அதை இப்போது போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்தாமல், புட்டியோடு உடனே கண் மருத்துவரிடம் வாருங்கள். அழுத்தம் அளக்கச் சில நிமிடங்களே ஆகும்.

அச்சிறுவனுக்கு இப்போது அழுத்தம் 18-இல் நிற்கிறது, இரண்டு மருந்துகளின் துணையோடு. ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது. நைந்த சீட்டை அவன் தாயார் என் மேசையிலேயே விட்டுச் சென்றார்.