கிடாருக்குப் பின்னால் ஓர் ஆர்கன்

டீப் பர்ப்பிள் ராக் குழுவின் வரலாற்றை யார் எழுதினாலும் ஆள் மாறிய கதையிலேயே பக்கங்கள் தீர்ந்துவிடுகின்றன. 1968-இல் தொடங்கி, 1976-இல் கலைந்து, 1984-இல் மறுபடி கூடிய குழு. முதல் நாளிலிருந்து இன்றுவரை தொடர்பவர் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ் ஒருவர்தான். அண்மையில் அப்படியொரு வரலாற்றைப் படித்தபோது, குழுவின் ஆர்கன் கலைஞர் ஜான் லார்டுக்கு இன்னும் நாலு பக்கம் ஒதுக்கியிருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. தேவாலயங்களில் துதிப்பாடலுக்குத் துணையாக ஒலித்த ஹாமண்ட் ஆர்கனை, கிடாருக்கென்றே இருந்த மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து உறுமவைத்தவர் அவர். குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடல் என்றாலே எல்லோரும் ரிச்சி பிளாக்மோரின் கிடாரைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பாடலின் தொடக்கத்தை ஹெட்போனில் கேளுங்கள். முதல் சுற்றில் கிடார் தனித்து வருகிறது. பிறகு அதே சுரங்களைப் பிடித்தபடி ஆர்கன் கீழிருந்து ஏறுகிறது. கிடார் தடித்துவிட்டதாகத்தான் காது நம்பும். அத்தனை இசைவு! 1969-இலேயே ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மானிக் வாத்தியக் குழுவோடு ராக் குழுவை வாசிக்கவைத்த இசையமைப்பாளர், தன் கருவி தனியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று வாசித்திருக்கிறார். நான் அவரைக் கொண்டாடுவது இதற்காகத்தான். 2002-இல் அவர் விலகியதும் குழு இன்னொரு கிடார்காரரைத் தேடவில்லை. டான் ஏய்ரியை ஆர்கன் முன் உட்காரவைத்தது. தங்கள் ஒலி எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.