சலங்கை சோறிடுமா?

அரங்கேற்றம் என்பது இக்காலத்தில் நம்மவர் இல்லங்கள் பலவற்றிற் கலியாணத்திற்கு நிகரான வைபவமாகிவிட்டது. மண்டபம், மேடை அலங்காரம், பட்டுடை, அணிகலன், பக்கவாத்தியக்காரர்க்குச் சன்மானம், பிரதம விருந்தினர், சிறப்பு மலர் என்று பெற்றார் கையிலுள்ளதைச் செலவிட்டும், போதாதவிடத்துக் கடன்பட்டும் அதனை நடத்துகின்றனர். வந்தவரெல்லாம் பாராட்டிச் சென்றபின், அந்தச் சலங்கைகள் என்ன ஆகின்றன? பெரும்பாலும் துணியிற் சுற்றப்பட்டு அலுமாரிக்குட் போய்விடுகின்றன. பல்லாண்டுப் பயிற்சி ஒரு மாலைப் பொழுதோடு முற்றுப்பெறுகின்றது.

அவ்வாறன்றி, "ஆடலையே என் தொழிலாகக் கொள்வேன்" என்று ஒரு பிள்ளை சொல்லத் துணியுமாயின், வீட்டில் எழும் வினா ஒன்றே: "சலங்கை சோறிடுமா?" இவ்வாறு கேட்கும் பெற்றாரைக் கலையுணர்வில்லாதவர் என்று இகழ்வது தகாது. நியாயமான வினா அது. நேரான விடைக்கும் உரியது. மேடை மட்டும் சோறிடுவது மிக அரிது; ஆனால், மேடையைச் சுற்றி ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டவரைச் சலங்கை கைவிட்டதில்லை. இதற்குச் சான்றாக மூவருடைய வாழ்வை நோக்குவோம்.

முதலாமவர் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேர்த்தியாக 1918ஆம் ஆண்டிற் சென்னையிற் பிறந்தவர். கந்தப்பப் பிள்ளையிடம் கடும் பயிற்சி பெற்று, 1925இல், ஏழு வயதிற் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். இத்துணைப் பெருமையோடு தொடங்கிய வாழ்வும் நேர்கோடாகச் சென்றதில்லை. பரம்பரைக் கலைக் குடும்பத்துப் பெண்கள் ஆடுவதையே சமூகத்திற் பலர் வெறுப்போடு நோக்கிய காலம் அது. 1940களின் தொடக்கத்திற் குருவும் காலமானார், அந்த ஆண்டுகளில் உடல்நலம் குன்றியது, அழைப்புகளும் அருகின. அரங்கேற்றத்தோடு புகழ் நிலைத்துவிடும் என்று எண்ணுவோர் இந்த இடைக்காலத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

அவரை மீண்டும் எழுப்பியவை யாவை? ஒன்று, இசை. தாயார் ஜயம்மாள் பாட ஆடியவர் அவர்; தாமே பாடி அபிநயிக்கவும் வல்லவர். மற்றொன்று, கற்பித்தல். 1953இற் சென்னைச் சங்கீத வித்துவ சபையின் ஆதரவோடு அவரது நடனப் பள்ளி தொடங்கியது. 1961இல் யப்பானிலும், 1962இல் அமெரிக்காவிலும் ஆடினார். பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார். இசைவாணர்க்கே வழங்கப்பட்டு வந்த சங்கீத கலாநிதி விருது 1973இல் இந்த ஆடல் அரசியைத் தேடி வந்தது. 1984இல் அவர் மறைந்தபோது, அவரது பாணியை மாணாக்கர் தாங்கி நின்றனர். மகள் லட்சுமியும் அவ்வழியே ஆடலுக்கு உரியவரானார்.

இரண்டாமவர் ருக்மிணி தேவி. அவர் சதிராட்டத்தை மேடையில் ஆடிக் காட்டியது 1935இன் இறுதியில். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. காலந்தாழ்ந்துவிட்டதென்று கலங்கும் இளைஞர் இதனை நினைவிற் கொள்க. அடுத்த ஆண்டே அவர் அடையாற்றிற் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். 1944இற் குற்றாலக் குறவஞ்சியையும், 1955 முதலாக இராமாயணத்தையும் நாட்டிய நாடகங்களாக்கினார். 1986இல் அவர் மறைந்தும் அந்நிறுவனம் மறையவில்லை. ஆடுபவரின் உடல் தளரும். அவர் அமைத்த நாடகமோ பிறர் உடலில் ஏறி மீண்டும் மீண்டும் இளமை பெறும்.

மூன்றாமவர் நம் நாட்டவர். சிங்கள நடனக் கலைஞர் சித்திரசேனா. 1921இற் பிறந்த இவர், கண்டி நடனத்தோடு நில்லாது, கேரளத்துக் கதகளியையும் தாகூரின் சாந்திநிகேதனத்துக் கலைகளையும் கற்று வந்தார். மனைவியார் வஜிராவோடு கொழும்பிற் பள்ளியொன்றையும் ஆடற் குழுவொன்றையும் நடத்தினார். 1961இல் அரங்கேறிய 'கரதிய' என்னும் நாடகம் கடற்கரை மக்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. அவர் பெயரை நிலைநிறுத்திய படைப்புகளுள் ஒன்று அது. ஆடவர்க்கே உரியதென்று கருதப்பட்ட கண்டி நடனத்திற் பெண்ணுக்கும் தனியிடம் உண்டென்று வஜிரா நாட்டினார். பள்ளி குழுவுக்கு ஆடுநரை வளர்த்தது. குழு பள்ளிக்குப் புகழைத் தேடித் தந்தது. சித்திரசேனா 2005இல் மறைந்த பின்னரும் மகளும் பேர்த்தியரும் அக்குழுவை நடத்தி வந்தனர். ஒருவர் காலோடு முடியாத தொழிலை இவ்வாறுதான் கட்டவேண்டும்.

இனி, இத்துறையில் இறங்க விரும்பும் மாணவ மாணவியருக்குச் சில சொற்கள்.

உடலே உங்கள் முதல். அரைமண்டியில் முழங்கால்கள் பாத விரல்களின் நேரே விரியாது உள்நோக்கி மடிந்தால், இருபது வயதில் தோன்றாத நோவு முப்பதில் தோன்றும். சீமெந்துத் தரையில் நாடோறும் ஓங்கித் தட்டுதல் கணைக்காலுக்குக் கேடு; பலகைத் தரை கிடைக்குமாயின் அதனையே நாடுக. வலி கண்டவிடத்து ஓய்வு கொள்வது சோம்பல் அன்று, தொழிலைக் காப்பதாகும்.

இசையையும் நட்டுவாங்கத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். பாடலின் பொருளறியாத அபிநயம் வெறும் முகச்சுளிப்பே. தாளம் பிடித்து ஜதி சொல்ல வல்லவர்க்கு, தாம் ஆடாத மேடையிலும் இடமுண்டு. அவ்வாறே, குருவிடம் பெற்ற உருப்படிகளைக் காப்பதோடு, ஆண்டுக்கு ஒன்றாயினும் புதிதாய் அமைத்துப் பழகுங்கள்.

கற்பித்தலைத் தாழ்வாக எண்ணாதீர்கள். பாடசாலைகளில் நடனம் ஒரு பாடமாக இடம்பெற்றிருக்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்புச் சுவாமி விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவனமும் பட்டப்படிப்புக்கு வழிசெய்கின்றன. பட்டம் பெற்ற ஆசிரியைக்கு மாதச் சம்பளம் உண்டு. மாலையில் தன் வகுப்பும் உண்டு. விடுமுறையில் மேடையும் உண்டு. இம்மூன்றும் சேர்ந்தவிடத்தே சலங்கை சோறிடுகின்றது. ஆயினும், தன் பயிற்சியைக் கைவிட்டு வகுப்பை மாத்திரம் நடத்தும் ஆசிரியை, சில ஆண்டுகளிற் கற்பிக்கப் புதிதாக ஒன்றுமின்றி நிற்பாள். அதிகாலை ஒரு மணிநேரமாயினும் தனக்கென்று வைத்துக்கொள்ளல் வேண்டும்.

கணக்கெழுதப் பழகுங்கள். ஒரு கச்சேரிக்குக் கிடைக்கும் தொகையிற் பாட்டுக்காரர், மிருதங்கக்காரர், நட்டுவனார், ஒப்பனைக்காரர், வாகனம் என்று கொடுத்தபின் எஞ்சுவது எவ்வளவு? அந்த எச்சமே உங்கள் ஊதியம். கைதட்டல் ஊதியமாகாது. சன்மானத்தை முன்கூட்டியே பேசி, எழுத்திற் பெற்றுக்கொள்வது கலைக்கு இழுக்கன்று. பக்கவாத்தியக்காரரின் குடும்பமும் அதனை நம்பியே இருக்கின்றது.

பெற்றாருக்கும் ஒரு வேண்டுகோள். மகளுக்கோ மகனுக்கோ அரங்கேற்றம் செய்ய எண்ணும்போது, செலவுத் தொகையை இரண்டாகப் பகுத்துப் பாருங்கள். பாதியில் எளிமையான, நிறைவான அரங்கேற்றம் ஒன்றை நடத்தலாம். மறுபாதியை அடுத்துவரும் ஆண்டுகளின் குருதட்சிணைக்கும், இசைப் பயிற்சிக்கும், வீட்டின் ஒரு மூலையிற் பலகைத் தரை அமைப்பதற்கும் வையுங்கள். பிள்ளை பின்னர் வேறு உத்தியோகத்தை நாடினும் அப்பணம் வீணாகாது. ஆடலையே நாடினால், அதுவே அப்பிள்ளைக்குச் சீதனம்.

அரங்கேற்றம் என்ற சொல்லுக்கு அரங்கில் ஏறுதல் என்பதே பொருள். ஏறிய பிள்ளையை அன்றே இறக்கிவிடாதிருப்போமாக.