கசடை யார் அள்ளுவது?

தண்ணீரில் கலந்த குரோமியத்தை வெயிலைக் கொண்டு நீக்குவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இதற்கு வழக்கமாகப் பயன்படும் டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக் கதிரில்தான் வேலை செய்யும். வெயிலில் அது ஏறத்தாழ 5 விழுக்காடுதான். நான் யூரியாவைச் சூடாக்கித் தயாரிக்கும் கார்பன் நைட்ரைடு என்ற மஞ்சள் தூள், கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியிலும் இயங்கும். மலிவான ஒளிவினையூக்கி.

ஆய்வுக் கட்டுரைகளில் இதைக் 'குரோமியம் நீக்கம்' என்று எழுதுகிறோம். அது பாதி உண்மைதான். ஒளிவினையூக்கி சாய மூலக்கூறை உடைக்கும், உலோகத்தை அழிக்காது. புற்றுநோயை உண்டாக்கும் குரோமியம்-6, எலக்ட்ரான் பெற்று நஞ்சு குறைந்த குரோமியம்-3 ஆகிறது. காரம் சேர்த்தால் பச்சைக் கசடாக அடியில் படிகிறது. எங்கள் வரைபடம் அத்தோடு முடிந்துவிடும். கசடு அங்கேயேதான் கிடக்கும். யாரோ அள்ள வேண்டும்.

2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தக் கசடில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லியிருந்தது. உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் வேறு யாரோ.

எங்கள் ஆய்வகத்தில் குடுவை கழுவி, கழிவு கேனை வெளியே கொண்டுபோகும் அக்கா ஒருநாள் கேட்டார்: "தம்பி, இந்த மஞ்சத் தண்ணி பட்டா கையெல்லாம் அரிக்குதே, என்னது இது?" மூன்று ஆண்டுகளாக அவர் கையில் கையுறை இல்லை. கேனில் இருப்பது என்னவென்று நான் சொன்னதும் இல்லை. என் அம்மா நகராட்சித் தூய்மைப் பணியாளர். அவர் வயிற்றில் பிறந்த எனக்கே அது உறைக்கவில்லை. கழிவைத் தொடும் வேலை யாருக்கு என்பதைச் சாதி முன்பே முடிவுசெய்து வைத்திருப்பதால், படித்தவன் கண்ணுக்கு அந்தக் கை தெரிவதே இல்லை.

மறுநாள் கையுறை வாங்கிக் கொடுத்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நிறுவனம் செய்ய வேண்டிய கடமை அது. என் கருணையாக முடிந்துபோகக் கூடாது.

நிதி கேட்கும் ஒவ்வொரு ஆய்வு விண்ணப்பத்திலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் கட்டாயமாக்கப்பட வேண்டும்: எவ்வளவு கசடு வரும்? எந்த இயந்திரம் அள்ளும்? எங்கே போய்ச் சேரும்? பதில் இல்லையென்றால் நிதியும் இல்லை. என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை இப்போது இந்தக் கேள்விகளுக்காகவே திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.