ஐப்பசியில் காய்ச்சிய கருப்பட்டி

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் ஒரு கடை கண்ணில் பட்டது. ‘அசல் உடன்குடிப் பனங்கருப்பட்டி, கிலோ 160 ரூபாய்.’ பனையில் ஒருவர் ஏறுகிற படம். கீழே ஒரு வரி: ‘இன்று காலை காய்ச்சியது.’

ஐயா, இது ஐப்பசி! பங்குனி வாக்கில் சூடுபிடித்து ஆடியோடு அடங்கிவிடும் தொழில் எங்களுடையது. இந்த அடைமழையில் எந்தப் பனையில் எவன் கலயம் கட்டினான்? பரணில் புகையேற்றி வைத்த பழைய கருப்பட்டி எங்களிடமும் உண்டு. அதைப் புதுசு என்று சொல்லி விற்க எங்களுக்கு நாக்கு வராது.

உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டில் பிறந்தவன் நான். பாட்டத்துக்குப் பனை பிடித்து ஏறுகிறவர் அப்பா. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஏறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டுவார். சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். அதனால் உடம்புக்கு முடியாத நாளிலும் ஏறியாக வேண்டும். பத்து லிட்டர் பதநீரை அம்மா விடிலிக் குடிசையில் நின்று காய்ச்சினால் ஒரு கிலோ சொச்சம் தேறும். புகையில் அவள் கண் சிவந்தே கிடக்கும். 160 ரூபாய்க்காரன் வெள்ளைச் சீனியைப் பாகு காய்ச்சி, நிறத்துக்குக் கொஞ்சம் கருப்பட்டியைக் கரைத்துச் சிரட்டையில் ஊற்றுகிறான். மேலே எங்கள் ஊர்ப் பெயரை ஒட்டுகிறான்.

அந்தப் பெயருக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தி வந்த தாளை அப்பா மடித்துப் பெட்டிக்குள் வைத்தார், பட்டா வந்த மாதிரி.

புகார் கொடுக்கப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல விருப்பமில்லை. “உங்ககிட்ட டிரேட்மார்க் இருக்கா தம்பி?” என்றார் அங்கிருந்தவர். “புவிசார் குறியீடு இருக்கு சார்.” “அப்படின்னா?”

அப்படியென்றால் 1999ஆம் ஆண்டுச் சட்டம், சார். போலிக்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை என்று எழுதியிருக்கிறது. ஆனால் வாரன்ட் இல்லாமல் சோதனை போட டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவரும் முதலில் பதிவாளரின் கருத்தைக் கேட்க வேண்டும். அதற்குள் அவன் பத்து மூட்டை சீனியை விற்றுவிடுவான். இணையதளத்தை அரசே முடக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி எல்லாம் இருக்கின்றன. போலிச் சரக்கு இல்லை. இணைய முகவரித் தகராறுகளைத் தீர்க்கும் சர்வதேச விதியும் டிரேட்மார்க்கைத்தான் கேட்கிறது. பிரான்சின் ஷாம்பெயின்காரர்களே 2011இல் தங்கள் ஊர்ப் பெயரில் இருந்த முகவரியைக் கேட்டுப் போய்த் தோற்றார்கள்!

கைப்பைக்கும் காலணிக்கும் என்றால் கதை வேறு. 2010 நவம்பரில் அமெரிக்க அரசு போலிச் சரக்கு விற்ற 82 முகவரிகளை ஒரே வீச்சில் பறித்தது. (அதிலும் அநியாயம் உண்டு. அதே வீச்சில் பாட்டுக்காகப் பறித்த ஒரு தளத்தை ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு, வழக்கே போடாமல் திருப்பிக் கொடுத்தார்கள்.) இங்கே பெரிய நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய்த் தடை உத்தரவு வாங்கி வருகின்றன. அந்த வக்கீல் கட்டணத்துக்கு நாங்கள் எத்தனை பனை ஏறுவது?

நான் வேலை பார்ப்பது தூத்துக்குடியில், சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில். கம்பெனி முத்திரையைத் திருடிய சரக்கு துறைமுகத்துக்கு வந்தால், 2007ஆம் ஆண்டு விதிப்படி சுங்கத்துறை நிறுத்திவைக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பெயரைத் திருடியவன் கப்பலில் வரவில்லை, அவ்வளவுதான். இந்தக் கடலில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. ஊருக்கு முத்துநகர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. கருப்பட்டிக்கும் அதே கதிதானா?

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குறியீடு கொடுத்த அரசே எங்களுக்காக நீதிமன்றம் போகட்டும். விசாரித்து, உண்மையென்றால் அந்த முகவரியைப் பூட்டட்டும்.

இன்று காலை மறுபடி பார்த்தேன். வெளியே மழை கொட்டுகிறது. கடை திறந்தே இருக்கிறது. அதே வரி, ‘இன்று காலை காய்ச்சியது.’